கோழிக்கொண்டைச் செண்டு

செவ்வூரணியில் கோழிக்கொண்டைச் செடியை யாரும் விதை வாங்கிப் போட்டதில்லை. கமுதியிலிருந்து கிழக்கே ஏழெட்டு மைல் வந்தால் எங்கள் ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் போடுவோம், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவோம். குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு ஒரு மைல் போகிற ஊரில் பூச்செடிக்கு எவள் தண்ணீர் ஊற்றுவாள்? கோழிக்கொண்டைக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு கொண்டைக்குள் கறுப்பாக, பளபளவென்று, கடுகைவிடச் சின்னதாக விதை நூற்றுக்கணக்கில் இருக்கும். காய்ந்ததும் கொட்டும். கோழி கிளறிவிடும், மாட்டுக் குளம்பில் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு மழை விழுந்தால் சாணிக்குழி, குளிக்கிற கல்லின் ஓரம், சுவர் வெடிப்பு என்று பார்த்த இடத்திலெல்லாம் முளைத்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். ஆவணி வெயிலில் மற்றச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கும்போது இது ரத்தச் சிவப்பில், மடிப்பு மடிப்பாக, நிமிர்ந்து நிற்கும். மணம் இல்லை என்று அதைப் பூக்கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. அவர்கள் புத்தி அவ்வளவுதான் என்று நான் விட்டுவிடுவேன்.

எங்கள் காளியம்மனுக்கு அந்தப் புத்தி இல்லை. ஆவணிச் செவ்வாயில் முளைப்பாரி எடுக்கும்போது அம்மன் வலது கையில் ஒரு செண்டு வைக்க வேண்டும். பதினான்கு வீடுகளுக்கு அது முறை. வருசத்துக்கு ஒரு வீடு. மதுரையிலிருந்து கூடை கூடையாக மல்லிகை வரும், அதெல்லாம் கழுத்துக்குத்தான். கைச் செண்டு மட்டும் முறை வீட்டுக்காரர்களின் சொந்த மண்ணில் முளைத்த பூவாக இருக்க வேண்டும், கடைப் பூ ஆகாது. மூன்று நாள் அம்மன் கையில் இருந்து, வெள்ளிக்கிழமை இறக்கி, கட்டின வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். மூன்று நாள் தாங்குகிற பூ எங்கள் காட்டில் எது? அதனால் செண்டு என்றாலே கோழிக்கொண்டைதான். சிவப்புக் கொண்டைகளை நெருக்கி வைத்து, ஓரத்தில் வேப்பங்கொழுந்தும் துளசியும் செருகி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினால் பார்க்க அப்படி இருக்கும்.

இந்த வருசம் முறை பாண்டித்துரை வீட்டுக்கு. பதினான்கு வருசத்துக்கு முன்னால் அவர் அம்மா கட்டினார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது கட்ட வேண்டியவள் பாண்டித்துரையின் மனைவி ராமலெட்சுமி. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் இதற்காகக் காத்திருந்தாள். பங்காளி வழி ஓரகத்தி முருகலட்சுமி வீட்டுக்கு ஆறு வருசம் முன்னால் முறை வந்தபோது அந்தச் செண்டைப் பார்த்து, "ஒரு பக்கமா சரிஞ்சு கெடக்கேக்கா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டவள் அவள். முருகலட்சுமி அதை மறந்திருப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு முருகலட்சுமியைத் தெரியாது.

முளைப்பாரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், முருகலட்சுமி வந்து நின்றாள்.

"என்னத்தா, செண்டுக்குப் பூவெல்லாம் தயாரா?"

"அதெல்லாம் இருக்குக்கா."

"எங்கன இருக்கு? வாசல்ல புல்லுகூடக் காணமே."

வாசலில் புல் இருக்க வழியில்லை. இரண்டு வருசத்துக்கு முன் மச்சு வீடு கட்டியபோது ராமலெட்சுமி வீட்டைச் சுற்றிச் சாம்பலும் சிவப்புமாகப் பேவர் பிளாக் பதித்துவிட்டாள். சேறு இல்லை, குப்பை இல்லை, கூட்டுவதற்கும் சுகம். அதன் பிறகும் கல் இடுக்கிலும் மாட்டுக் கொட்டத்து ஓரத்திலும் கோழிக்கொண்டை தலையை நீட்டியது. களை என்று சொல்லி அத்தனையையும் பிடுங்கச் சொன்னாள். ஒன்று விடாமல் பிடுங்கியாயிற்று. முறை வரப்போகிறது என்று தெரிந்த மனுசி செய்கிற வேலையா அது? அவளைக் கேட்டால், கோழிக்கொண்டைக்குப் போய்ப் பஞ்சம் வரும் என்று எவள் கண்டாள் என்பாள். எப்போதும் எங்கேயாவது கிடக்கிற பொருளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

"காட்டுல, மோட்டார் ரூம் பக்கம் நிக்குதுக்கா. நம்ம மண்ணுதான" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. முருகலட்சுமி போனதும் காட்டுக்கு ஓடிப் பார்த்தாள். மோட்டார் அறைப் பக்கம் கருவேலஞ்செடியும் காலி உரச் சாக்கும்தான் கிடந்தன. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு ஏறி மண்ணே வெளுத்திருந்தது. வரும் வழியில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வீடு இவளைப் பார்த்துக் கல் பதித்துவிட்டது, மீதி வீட்டில் ஆடு. இருந்தாலும் அடுத்த வீட்டுப் பூவைக் கேட்டு வாங்கிக் கட்ட முடியுமா?

ராத்திரிச் சாப்பாட்டில் பாண்டித்துரையிடம் சொன்னாள். அவர் கருவாட்டுக் குழம்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ராம்நாட்டுல பூக்கடையில கெடைக்கும்ல. வெள்ளன பஸ்ஸைப் பிடிச்சா வாங்கியாந்துரலாம்."

"கடைப் பூவை வச்சா ஆகாதுல்ல."

"கடைப் பூன்னு அதுல எழுதியா இருக்கு?"

"நம்ம ஊருக்காரன் எவனாவது பஸ்ஸுல இருப்பான். பூக்கட்டோட ஒங்களைப் பாத்தா விடிஞ்சிரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?" என்று அவர் அடுத்த உருண்டையை உருட்டினார். ஆம்பளைகளுக்கு இதில் போவது ஒன்றும் இல்லை. செண்டு சரியில்லை என்றால் ஊர் சொல்லப்போவது ராமலெட்சுமியைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு மீனம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது.

மீனம்மாள் ஊரணிக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தெரு. இருபது வருசமாகப் பாண்டித்துரை வீட்டில் மாட்டுக் கொட்டம் கூட்ட, மிளகாய்ப் பழம் எடுக்க, பருத்தி எடுக்க வருகிறவள். பேவர் பிளாக் இடுக்கில் இருந்த செடியைப் பிடுங்கியவளும் அவள்தான். பிடுங்கியதைச் சாணியோடு கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பக்கத்தில் கொட்டினாள். போன மாதம் ஒருநாள் கொட்டத்தில் கூட்டிக்கொண்டே, "நீங்க எறியச் சொன்ன கோழிக்கொண்டை எங்க வீட்டுல காடா நிக்கிது தாயி. ஒவ்வொண்ணும் இந்தா பெருசு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ராமலெட்சுமி அப்போது பால்காரனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆமாமா என்று சொல்லி வைத்தாள்.

கேட்டால் மீனம்மாள் மறுபேச்சில்லாமல் பறித்துக் கொடுத்திருப்பாள். இதை ராமலெட்சுமியே பிறகு ஒத்துக்கொண்டாள். ஆனால் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் தெருவுக்குத் தெரியும், அங்கிருந்து ஊருக்குத் தெரியும். கிழக்குத் தெருப் பூவா அம்மன் கையில் ஏறியது என்று ஒருவன் வாய் திறந்தால் கோயிலைக் கழுவிவிடச் சொல்லுவார்கள். அதோடு நிற்காது, பூவைக் கொடுத்ததற்கு மீனம்மாள் வீட்டைப் பிடித்து ஏசுவார்கள். 'அவளுக்கு எதுக்கு வம்பு' என்று ராமலெட்சுமி நினைத்துக்கொண்டாள். திருடப் போகிறவள் திருட்டுக் கொடுக்கிறவளுக்காக இரக்கப்பட்ட கதை இது.

இன்னொரு நியாயமும் அவளுக்குக் கிடைத்தது. அந்தச் செடி யாருடையது? தன் வாசலில் முளைத்தது. விதை தன் வீட்டு மண்ணில் விழுந்தது. இடம் மாறிப் போனதால் அது வேறு வீட்டுப் பூ ஆகிவிடுமா? மாடு பக்கத்துக் காட்டில் போய்க் கன்று போட்டால் கன்று யாருக்கு? இப்படிக் கேட்டுக் கேட்டு விடியும்போது அது தன் பூ என்றே அவளுக்கு ஆகிவிட்டது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிழக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை. நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க் கரைக்குப் போயிருந்தார்கள். மீனம்மாளின் புருசன் சோணைமுத்து கரி மூட்டத்தில் இருந்தார். மகள் சுகந்தி கமுதியில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ராமலெட்சுமி ஒரு கூடையில் சாணி வரட்டிக்குப் போகிறவள் மாதிரி பழைய சாக்கைப் போட்டு எடுத்துக்கொண்டு ஊரணிக் கரையைச் சுற்றிப் போனாள். இருபது வருசத்தில் அவள் அந்த வீட்டு வாசலுக்குப் போனது அன்றைக்குத்தான்.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, பச்சைச் சாயம் புதிதாக அடித்திருந்தது. பக்கத்தில் கருவேல முள்ளால் வேலி போட்டு, தென்னை மட்டைப் படல் ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். படலைத் திறந்து உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முப்பது செடி இருக்கும். தானாக முளைத்ததுதான், ஆனால் தானாக வளர்ந்ததில்லை. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒரு செடிக்கு ஒரே கொண்டை விட்டிருந்தார்கள். கனம் தாங்காமல் சாயாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் விளக்குமாற்றுக் குச்சி ஊன்றி நூலால் கட்டியிருந்தது. கோழி கொத்தாமலிருக்க மேலே பழைய கொசுவலை. அதற்குள் அந்தக் கொண்டைகள் வெல்வெட்டுத் துணியைச் சுருக்கி வைத்ததுபோல, இருட்டுச் சிவப்பில், ஒரு புள்ளி வாட்டம் இல்லாமல் இருந்தன. ராமலெட்சுமி அந்தப் பூவை அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இதையா களை என்றோம் என்று நினைத்தாள்.

இவ்வளவு பக்குவமாக ஒருத்தி வளர்க்கிறாள் என்றால் எதற்கோ வளர்க்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியத்தான் செய்தது. தெரிந்துகொண்டேதான் வலையை விலக்கினாள். பதினெட்டுக் கொண்டைகளைக் கதிர் அறுவாளால் அறுத்துச் சாக்குக்குள் வைத்தாள். வேலிக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டுக் குட்டி அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அது கத்தக் கத்த அவள் அவசர அவசரமாக அடுக்கினாள். யாரோ வருகிற மாதிரி இருக்கவே கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள். படலைக் கட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செண்டு அம்மன் கைக்கு ஏறியது. பூசாரி காளீஸ்வரன் அதை வாங்கும்போது ஒரு நிமிசம் தூக்கிப் பிடித்து நாலு பேருக்குக் காட்டினார்.

"பாருங்க. இப்பிடிக் கொண்டை பாத்து எம்புட்டு வருசமாச்சு. மோட்டார் ரூம் பக்கமா நின்டுச்சு?"

"ஆமா சாமி."

"உப்புத் தண்ணிக்கே இப்பிடின்னா, கைராசிதான்."

முருகலட்சுமி கிட்டே வந்தாள். செண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஒரு பக்கமும் சரியவில்லை. ராமலெட்சுமி இந்த நேரத்துக்காகத்தான் இத்தனை வருசம் காத்திருந்தாள். குலவைச் சத்தம் கேட்டது, மேளம் கேட்டது, தலையில் முளைப்பாரியோடு பெண்கள் வரிசையாகப் போனார்கள். அவள் குலவை போடவில்லை. யாராவது பாராட்டினால் அவளுக்கு முகம் எரிந்தது. வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவகையில் அது சரிதான்.

மறுநாள் காலை மீனம்மாள் கொட்டம் கூட்ட வந்தாள். வந்தவள் விளக்குமாற்றை எடுக்காமல் பின்வாசல் படிக்குக் கீழே நின்றாள்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்படாது."

"என்ன மீனம்மா?"

"சுகந்திக்கு வார திங்கக்கெழம கல்யாணம்ல. பத்திரிகை வச்சேனே."

பத்திரிகை பிரிட்ஜின் மேல் கிடந்தது. ராமலெட்சுமி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா. வச்ச."

"மாப்பிள்ளை இமானுவேல் வீட்டுல வேதக்காரக. திருவாடானைப் பக்கம். கமுதியில மாதா கோயில்லதான் கல்யாணம். அங்கன பொண்ணு கையில செண்டு பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்து வரணுமாம். நமக்கு என்ன தெரியும் தாயி. இவதான், 'கடைச் செண்டு வேணாம்மா, நம்ம கோழிக்கொண்டையிலயே கட்டிக்கிருவோம், எத்தனை போட்டோ எடுத்தாலும் வாடாது'ன்னா. போன்ல பாத்துப் பாத்து அவளே குச்சி ஊண்டி, கொசுவலை போட்டு, மூணு மாசமாப் பிள்ளை வளக்குற மாதிரி வளத்தா. வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒருக்கா, வந்து ஒருக்கா தொட்டுத் தொட்டுப் பாப்பா."

ராமலெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநாத்து வேலை விட்டு வந்து பாக்குறேன், படலு தொறந்து கெடக்கு. ஆடு கயித்த அத்துக்கிட்டு உள்ள நிக்கிது. ஒரு கொண்டை இல்ல தாயி. தின்னு, மிதிச்சு, மொட்டை மொட்டையா நிக்கிது. படலை நான்தான் சரியாக் கட்டலன்னு இவுக ஒரு பக்கம் ஏசுறாக. கட்டுன ஞாபகம் இருக்கு. கட்டுனேனா என்னமோ, புத்தி பேதலிச்சுப் போச்சு. பிள்ளை ஒண்ணும் சொல்லல. அதான் சங்கட்டமா இருக்கு. நாலு வார்த்தை ஏசியிருந்தாத் தேவலாம்."

"ஆடு..." என்றாள் ராமலெட்சுமி.

"ஆமா. நம்ம ஆடுதான். வேற ஆரைச் சொல்ல?" மீனம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து அம்மன் கையில செண்டு அம்புட்டு அழகா இருந்துச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாக. ஒங்க மோட்டார் ரூம் பக்கம் நின்ட பூவாம்ல. அதுல மிச்சம் மீதி ரெண்டு நின்டா, பறிச்சுக்கிரட்டா தாயி? சின்னதா இருந்தாலும் பரவால்ல. கையில பிடிக்கத்தான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பின்வாசலில் அவர்கள் இரண்டு பேரையும் தவிர ஆள் இல்லை. மாடு ஒன்று சாக்கைப் போட்டு மென்றுகொண்டிருந்தது. ராமலெட்சுமி வாயைத் திறந்தாள்.

"அங்கன ஒண்ணும் இல்ல மீனம்மா. எல்லாம் சாமிக்கே சரியாப் போச்சு."

"அப்பிடியா. சரி தாயி." மீனம்மாள் சாக்கை மாட்டின் வாயிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டத் தொடங்கினாள். கூட்டிக்கொண்டே, "சாமிக்குப் போனா நல்லதுதான்" என்றாள்.

அன்றைக்கு ராமலெட்சுமி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். தன்னைப் போல ஒரு ஈனப் பிறவி இந்த ஊரில் இல்லை என்று தோன்றியது. மீனம்மாள் தலையைக் குனிந்து கூட்டிய விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தால், எதிர்த்துப் பேசியாவது ஆற்றிக்கொண்டிருப்பாள். அவள் நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை செண்டு இறங்கி வீட்டுக்கு வந்தது. மூன்று நாள் விளக்குச் சூட்டிலும் குங்குமத்திலும் இருந்த பூ. வேப்பங்கொழுந்து கருகிப்போயிருந்தது, துளசி உதிர்ந்துவிட்டது. கோழிக்கொண்டை மட்டும் பறித்த அன்றைக்கு இருந்த சிவப்பில் அப்படியே இருந்தது. மல்லிகையாக இருந்தால் வாடிச் சருகாகியிருக்கும், கால்படாத இடத்தில் போட்டுவிட்டு மறந்திருப்பாள். இதை என்ன செய்வது? சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அது இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாண்டித்துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"நடந்தது நடந்து போச்சு. வெளிய மூச்சு விடாத."

"இந்தச் செண்டைக் கொண்டுபோயி அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துட்டு வந்துரவா? நாளைக்குக் கல்யாணம்."

"சாமி கையில இருந்த செண்டை அங்கன கொண்டுபோயிக் குடுப்பியா? அதுவும் வேதக்காரகள் கல்யாணத்துக்கு. ஊரு கேட்டா என்ன சொல்லுவ?"

"அவ பூவுங்க அது."

"தெரியிதுல்ல. தெரிஞ்சுதான போயி அறுத்த?" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அவள் செண்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். கோயிலில் கல்யாணம் பத்து மணிக்கு, மதியச் சாப்பாடு பெண் வீட்டில். ஒன்பது மணிக்குப் போயிருந்தால் பெண் கையில் கொடுத்திருக்கலாம். கருகிய கொழுந்தை எடுத்துவிட்டுப் புதுக் கொழுந்து செருகி, நாரைப் பிரித்துக் கட்டி, ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு, பாண்டித்துரை காட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பினாள்.

கிழக்குத் தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வந்து இறங்கி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி வெள்ளைப் பட்டு கட்டி, தலையில் வெள்ளை வலை போட்டிருந்தாள். கை சும்மா இருந்தது.

ராமலெட்சுமியைப் பார்த்ததும் மீனம்மாள் ஓடிவந்தாள். "தாயி வந்துட்டாக, தாயி வந்துட்டாக" என்று சோணைமுத்துவைக் கூப்பிட்டாள். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒருவர் மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் ஊரிலிருந்து கிழக்குத் தெருக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வழக்கம். மொய் எழுதி, தங்கள் கண் முன்னால் மூடி திறந்த கலரைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். அடுப்பில் வெந்தது எதையும் தொடமாட்டார்கள். அவர்களும் சாப்பிடச் சொல்லமாட்டார்கள். சொல்லி, மாட்டேன் என்ற பதிலைக் கேட்பானேன் என்றுதான்.

ராமலெட்சுமி துண்டைப் பிரித்துச் செண்டைச் சுகந்தியிடம் நீட்டினாள்.

"அய்யோ" என்றாள் சுகந்தி மெதுவாக. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எங்க கொல்லையில நின்ட மாதிரியே இருக்கு பெரியம்மா."

"கையில ஒண்ணும் இல்லாமலா கோயிலுக்குப் போன?"

"போட்டோக்கார அண்ணன் பிளாஸ்டிக் செண்டு ஒண்ணு குடுத்தாக. அடுத்த கல்யாணம் அபிராமத்துல இருக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாக." அவள் கொண்டையைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "அம்மா, இங்க பாரேன். சாமி கையில இருந்த செண்டை நமக்குக் கொண்டுவந்துருக்காக."

மீனம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராமலெட்சுமியின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், கும்பிட்டாள். "ஆருக்கு தாயி இந்த மனசு வரும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி அதையே சொன்னாள். அவர்களும் கும்பிட்டார்கள்.

அத்தனை பேர் கும்பிட நின்றபோது ராமலெட்சுமிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. கலர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சோறு போடு மீனம்மா" என்றாள்.

"தாயி?"

"பந்தியில ஒக்காருறேன். போடு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பேச்சு நின்றுவிட்டது. மீனம்மாள் சோணைமுத்துவைப் பார்த்தாள், அவர் தலையைச் சொறிந்தார். பிறகு யாரோ ஒரு பெஞ்சை இழுத்துப் போட, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தார்கள். கறிக்குழம்பு வாளியை வேறு யார் கையிலும் கொடுக்காமல் மீனம்மாளே தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்துப் பார்த்து நல்ல துண்டாக இரண்டு எடுத்து வைத்தாள். ராமலெட்சுமி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். காரமும் மல்லியும் தூக்கலாக, நன்றாக இருந்தது. இதைச் செய்தால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்த வாயை வைத்துக்கொண்டே, எதையாவது பேச வேண்டும் என்று, "கறி எங்கன எடுத்தீக?" என்று கேட்டாள்.

"எடுக்கல தாயி. நம்ம ஆடுதான்."

"எந்த ஆடு?"

"பூவைத் தின்டுச்சே, அந்தக் குட்டி." மீனம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது சுகந்தி கூடப் போக வேண்டியது. பாலாடையில பால் ஊத்தி அவ வளத்தது. பொண்ணு கையில பிடிக்க வேண்டிய பூவைத் தின்ட ஆடு பொண்ணு கூடப் போகக் கூடாது, ஆகாதுன்டு இவுக சொல்லிட்டாக. விக்கவும் மனசில்ல. நேத்துத்தான் அறுத்தாக. பிள்ளை கறி தொட மாட்டேன்டுருச்சு. நீங்க சாப்புடுங்க தாயி, ஆறிப் போகும்."

ராமலெட்சுமி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே சுகந்தி செண்டை மடியில் வைத்துக்கொண்டு இமானுவேலுக்குக் கொண்டையின் மடிப்பைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ராமலெட்சுமி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடிக்கவில்லை.

"ஆடு திங்கல மீனம்மா" என்றாள்.

மீனம்மாள் குனிந்தாள். சத்தத்தில் கேட்டிருக்காது என்று ராமலெட்சுமி இன்னொரு தடவை சொன்னாள்.

"ஆடு திங்கல. நான்தான் அறுத்தேன். அது மேஞ்சது நான் விட்ட மிச்சத்தை. படலையும் நான்தான் தெறந்து போட்டுட்டு வந்தேன். அவ கையில இருக்குறது அவ பூவுதான்."

வாளியைப் பிடித்திருந்த மீனம்மாளின் கை இறங்கியது. குழம்பு சிந்தி ராமலெட்சுமியின் புடவையில் பட்டது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை. மீனம்மாள் மகளைப் பார்த்தாள், மகள் கையிலிருந்த செண்டைப் பார்த்தாள், பிறகு இலையில் இருந்த கறியைப் பார்த்தாள். ஏசுவாள் என்று ராமலெட்சுமி தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

"அந்தக் குட்டிய வெளக்கமாத்துக் கட்டையால அடிச்சேனே தாயி" என்றாள் மீனம்மாள். "அது கத்தக் கத்த அடிச்சேனே."